ஹுவா போனை வச்ச பிறகு

அன்புள்ள அண்ணா,

நான் டொரொண்டோ ஸ்கார்பரோவில இருக்கிறன். எங்கட வாசிப்பு வட்டத்தில இந்த மாசம் எமிலி செயின்ட் ஜான் மேண்டெலின்ர 'ஸ்டேஷன் இலெவன்' எடுத்தனாங்கள், ஒரு காய்ச்சல் பரவி உலகமே அழிஞ்சு போற நாவல். டொரொண்டோவில தொடங்கிற கதை எண்டபடியா எல்லாருக்கும் நல்ல ஆர்வம். முதியோர் இல்லத்தில பி.எஸ்.டபிள்யூவா, அதாவது அங்க இருக்கிறவையைப் பராமரிக்கிற வேலை செய்யிற ஒரு அக்கா மட்டும் பாதியில நிப்பாட்டிப்போட்டா. "இதில சாகிறவை ஒருத்தரையும் ஒருத்தரும் துடைச்சு விடேல்லை" எண்டு சொல்லிட்டு எழும்பிப் போயிட்டா. அவவுக்கு இலக்கியத்தை இலக்கியமாப் பார்க்கத் தெரியேல்லை எண்டு மற்றவை சொல்லினம், எனக்கும் அப்பிடித்தான் படுகுது. இப்பிடியான நாவல்களைக் கூட்டமா வாசிக்கிறது மனசுக்கு நல்லதோ? டிவி சீரியலும் பார்க்கலாமோ? அடுத்து எதை எடுக்கலாம்?

தம்பி,

சீரியல விடுங்க. மனசுக்கு நல்லதாங்கறதையும் விடுங்க, அதுக்காக யாரும் நாவல் படிக்கறதில்ல. அந்த அக்கா சொன்னாங்களே ஒரு வரி, அதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன், கொஞ்ச நாளாவே எனக்குள்ள ஓடிட்டிருக்கற விஷயம் அது.

நாவலோட ஆரம்பத்த திரும்ப எடுத்துப் பாருங்க. எல்ஜின் தியேட்டர்ல லியர் மன்னனா நடிச்சிட்டிருக்கறப்பவே ஆர்தர் விழுந்து செத்துப்போறார், பார்த்துட்டிருந்த ஜீவன் மேடைக்கு ஓடி நெஞ்ச அமுக்கிப் பார்க்கறான், வெளிய வந்து பனியில நடக்கறப்ப டாக்டரா இருக்கற அவன் ஃப்ரெண்ட் ஹுவா ஆஸ்பத்திரில இருந்து போன் பண்றான், ஜார்ஜியா ஃப்ளூ வந்துடுச்சு, ஊர விட்டுப் போயிடுன்னு. ஜீவன் கடைக்குப் போய் தண்ணியும் டின்னும் கார்ட் கார்டா அள்ளிட்டு கூடப்பிறந்த ஃப்ராங்க் வீட்டுக்குப் போயிடறான். அருமையான பக்கங்க, குறையே சொல்ல மாட்டேன். ஆனா ஹுவா நிக்கற அந்த வார்டுல யாரு தண்ணி குடுத்தா, யாரு பெட்ஷீட் மாத்துனா? நாவல் அந்த போன் லைன தாண்டி உள்ள போகவே இல்ல. சட்டுனு இருபது வருஷம் தாண்டி, ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுட்டு ஊர் ஊராப் போற கூட்டம் வந்துடுது.

இது மேண்டெல் ஒருத்தர் மட்டும் பண்றதில்ல. 1912ல ஜேக் லண்டன் எழுதுன 'தி ஸ்கார்லெட் பிளேக்'னு ஒரு கொள்ளைநோய் கதைல, தப்பிப் பிழைச்ச கிழட்டு ப்ரொஃபசர் பேரன்களுக்கு பழைய கதை சொல்றார், அவருக்குப் பெரிய துக்கமே பணக்கார வீட்டுப் பொம்பளைய ஒரு டிரைவர் அடிமையாக்கி வேலை வாங்கறான்கறதுதான். மத்தவங்களுக்காக உழைச்ச ஆள் அந்தக் கதையில நம்ம கண்ணுக்குப் படறது மிருகமா மாறுன பிறகுதான்.

எங்க பெரியம்மா கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தாங்க. டூட்டி முடிஞ்சு வந்தா பின்பக்கமா போய் கிணத்தடியில குளிச்சு சேலைய அலசிப் போட்டுட்டுதான் உள்ள கால் வைப்பாங்க, அதுவரைக்கும் பிள்ளைங்க யாரும் கிட்ட போகக்கூடாது. உயிர் போன உடனே தாடைய துணியால சேர்த்துக் கட்டிடணும், நேரமாயிட்டா வாய் மூடாதும்பாங்க, கண்ண மூடி விடணும், கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டணும், சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள முகத்த துடைச்சு தலைய வாரிவிடணும். வர்ற மகனோ மகளோ முதல்ல பார்க்கறது அந்த முகத்தத்தான், யார் கை பட்டு அது அப்படி ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பெரியம்மா சோறு சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவாங்க, செத்தவங்க பேரும் ஊரும் சேர்த்து. கோடிக்கணக்குல சாகடிக்கறது ஈசி தம்பி, ஒரே ஒரு ஆளு சாகறத பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் எழுதத்தான் நெஞ்சுரம் வேணும்.

நீங்க இருக்கற ஊரையே எடுத்துக்கங்க. 2003ல சார்ஸ்ங்கற தொத்து நோய் வந்து கனடாவுல 44 பேர் செத்தாங்க, அது முதல்ல பரவுனது உங்க ஸ்கார்பரோ ஆஸ்பத்திரி ஒண்ணுலதான், செத்தவங்கள்ல நர்ஸுங்களும் உண்டு. 2020ல முதல் அலையில கனடாவுல கோவிட்ல செத்தவங்கள்ல அஞ்சுல நாலு பேர் முதியோர் இல்லங்கள்ல இருந்தவங்க, ஒன்டாரியோவுல ராணுவத்தையே உள்ள அனுப்ப வேண்டி வந்துது. பெத்த பிள்ளைங்கள உள்ள விடல. அப்ப கட்டில் பக்கத்துல நின்னது யாரு? உங்க அக்கா மாதிரி ஆளுங்கதான். அப்படி ஒருத்தர் உங்ககூட உக்காந்து இந்தக் கதையில எது இல்லன்னு விரல் வச்சுக் காட்டறாங்க, நீங்க எல்லாரும் சேர்ந்து அவங்களுக்கு இலக்கியம் தெரியலங்கறீங்க. படிச்சப்ப எனக்கு அவ்வளவு கோவம் வந்துது. அன்னிக்கு உங்க கூட்டத்துல நாவல ஒழுங்கா படிச்ச ஆளு அவங்க ஒருத்தர்தான்.

அடுத்து கேத்தரின் ஆன் போர்ட்டரோட 'பேல் ஹார்ஸ், பேல் ரைடர்' எடுங்க, 1939ல வந்தது, சின்னதுதான், ஒரே மூச்சுல படிச்சிடலாம். 1918 ஃப்ளூவுல டென்வர்ல சாவு வரைக்கும் போய் வந்தவங்க அவங்க. அதுல மிராண்டா காய்ச்சல்ல கிடக்கறப்ப அவ காதலன் ஆடம் ஐஸ்க்ரீமும் சூடா காபியும் வாங்கறதுக்கு வெளிய போறான், அந்த நேரத்துல ஆம்புலன்ஸ் வந்து அவளத் தூக்கிட்டுப் போயிடுது. அவ பிழைச்சு எழுந்திரிக்கறா, பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்ட அவன் அதே ஃப்ளூவுல போயிடறான். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மிஸ் டானர்னு பேர் இருக்கு, முகம் இருக்கு, அவ வார்டுல நடமாடறத நாம பார்க்கறோம்.

அந்த அக்கா வீட்டுக்கு நீங்களே நேர்ல போய் புத்தகத்த குடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. முதல்ல அவங்க பேசட்டும், மத்தவங்க குறுக்க பேசாம கேளுங்க. கூட்டத்த அவங்களுக்கு ஷிஃப்ட் இல்லாத நாள்ல வைங்க.