டாக்டர் பதில்கள்: படிக்கிற டாக்டர் கத்தி பிடிக்கலாமா?

கேள்வி: டாக்டர் சார், எங்க அம்மைக்கு பித்தப்பையில கல்லு, அடிக்கடி வலி வருது, லேப்ராஸ்கோப்பி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா படிக்கிற டாக்டருங்கதான் கை வைப்பாங்க, பேசாம திருவனந்தபுரம் கொண்டு போன்னு மாமா சொல்லுறாரு. எனக்கும் பேடியா இருக்கு. படிக்கிறவங்க நம்ம ஆளுங்க மேல பழகுறது நியாயமா?
- வாசகர், தக்கலை

பதில்: உங்க மாமாவோட பயத்துல நியாயம் இருக்கு. லேப்ராஸ்கோப்பின்னா வயித்துல சின்னச் சின்ன துளை போட்டு, கேமராவும் கருவியும் உள்ள விட்டு, ஸ்கிரீனைப் பார்த்துச் செய்ற ஆபரேஷன். இது புதுசா வந்த நேரம், 1991ல அமெரிக்காவுல 1518 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஒவ்வொரு சர்ஜன் குழுவுக்கும் முதல் 13 கேஸ்ல பித்தநாளம், அதாவது பித்தம் போற குழாய், காயப்பட்டது 2.2 சதவீதம், அதுக்கப்புறம் வெறும் 0.1 சதவீதம். வயித்தைத் திறந்து பண்ணிப் பழகின கைக்கும் இது புதுசுதான். விரலால தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்கிரீன்ல ஆழம் தெரியாது, குளச்சல்ல வள்ளத்துல துடுப்பு போடுறப்போ கை ஒரு பக்கம் போனா முனை எதிர்ப்பக்கம் போகும்ல, அதே மாதிரிதான் உள்ள இருக்க கருவியும் போகும்.

அதனாலதான் இப்ப நேரா நோயாளிகிட்ட விடுறதில்ல. முதல்ல கேமரா வச்ச ஒரு பெட்டிக்குள்ள பழகணும், சின்ன வளையத்தை ஒரு குச்சியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும், துணியில வட்டமா வெட்டணும், உள்ளுக்குள்ளயே முடிச்சு போடணும். அப்புறம் தியேட்டர்ல கேமரா பிடிப்பாங்க, அப்புறம் சுலபமான பகுதி மட்டும் செய்வாங்க, சீனியர் பக்கத்துலயே நிப்பாரு. பித்தப்பைக்குள்ள போறது ஒரு நாளமும் ஒரு ரத்தக்குழாயும், அந்த ரெண்டு மட்டும்தான்னு கண்ணால பார்த்து உறுதி பண்ணாம, அதை அடைக்கிற கிளிப்பைப் போடக்கூடாதுங்கிறது முதல் பாடம். நம்ம நாட்டுல 1990லயே வந்துட்ட ஆபரேஷன் இது, சொல்லிக்கொடுக்க அனுபவசாலிங்க இருக்காங்க. இப்படி யாரும் பழகலேன்னா நாளைக்கு நம்ம ஊர்ல இதைச் செய்ய ஆள் எங்கேருந்து வரும்?

அதனால ஊரை மாத்துறதுக்கு முன்னாடி நேர்ல போய் கேளுங்க, கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, தயங்கவே வேண்டாம். பொறுப்பு சர்ஜன் யாரு, இதை வழக்கமா செய்றவரா, ஆரம்பத்துல இருந்து கடைசி வரை டேபிள் பக்கத்துலயே நிப்பாரான்னு கேளுங்க. இதுக்கு மழுப்பினா மட்டும் வேற இடம் பாருங்க, அது திருவனந்தபுரமா இருந்தாலும் இதே கேள்விதான். நடுவுல சரியாத் தெரியலேன்னு வயித்தைத் திறந்துட்டா தோத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, அது நல்ல சர்ஜன் எடுக்கிற முடிவு. இதுக்கிடையில அம்மைக்கு காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்தா யோசிச்சுட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.