வழக்குத் தொடுப்பதும் அரசு, வழக்கறிஞர் தருவதும் அரசா? – சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர்கள் பற்றிய கேள்வி பதில்

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காக மாவட்ட அளவில் முழுநேரமாக வாதாடும் சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளில் வாதாடி வருபவரும், முன்பு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞராக இருந்தவருமான நம் மூத்த உறுப்பினர் விடையளிக்கிறார்.

இலவச சட்ட உதவி பல ஆண்டுகளாக இருக்கிறதே, ஐயா. இந்தப் புதிய அமைப்பில் அப்படி என்ன மாற்றம்? – சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

உரிமை பழையதுதான். 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் மூலம் இலவச சட்ட உதவி தருமாறு அரசைப் பணிக்கும் 39அ பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அண்மைக்காலம் வரை, உதவி கேட்டவருக்கு ஒரு பட்டியலிலிருந்து வழக்கறிஞர் ஒருவரை ஒதுக்கித் தருவதே வழக்கமாக இருந்தது. அவருக்குத் தம்முடைய சொந்தக் கட்சிக்காரர்கள் இருப்பார்கள்; ஆணைக்குழுவின் வழக்கு அவற்றுக்கு இடையில் ஒன்றாக இருக்கும். கட்டணம் குறைவு, அதுவும் வழக்கு முடிந்து ரசீது போட்டுக் காத்திருந்துதான் வரும். நானும் அந்தப் பட்டியலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: நல்ல மனம் உள்ளவர்கள்கூட இலவச வழக்கைப் பிற்பகலுக்குத் தள்ளி வைக்கும் ஏற்பாடு அது.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் திருத்தி வெளியிட்ட திட்டத்தின்படி இப்போது மாவட்டத்தில் ஓர் அலுவலகமே இயங்குகிறது. அதன் தலைமை வழக்கறிஞர் குற்றவியலில் பத்தாண்டு அனுபவமும், அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் குறைந்தது 30 வழக்குகளை நடத்திய பழக்கமும் உடையவராக இருக்க வேண்டும். துணைத் தலைமை வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டும் 20 வழக்கும் தேவை. உதவி வழக்கறிஞர்களாக மூன்று ஆண்டுக்கு உட்பட்ட அனுபவமுள்ள இளையவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். இவர்கள் அனைவரும் மாத மதிப்பூதியம் பெறுகிறார்கள். தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. கைதுக்கு முந்தைய நிலை, காவலடைப்பு (ரிமாண்டு), பிணை (ஜாமீன்), விசாரணை, மேல்முறையீடு என்று ஒரு குற்ற வழக்கின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே அலுவலகம் பொறுப்பேற்பதுதான் உண்மையான மாற்றம். குற்றப்பத்திரிகை 60 நாளிலோ 90 நாளிலோ தாக்கலாகவில்லையென்றால் கைதிக்குப் பிணை உரிமையாகிவிடுகிறது. ஆனால், அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? பட்டியல் முறையில் அந்த ஆள் பெரும்பாலும் இருந்ததில்லை.

என் தங்கை மகனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காசு வாங்காத வக்கீல் கடமைக்கு வந்து நிற்பார் என்று ஊரில் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது தனியாரைப் பார்க்கவா? – ஒரு பெரியம்மா, விழுப்புரம் மாவட்டம்

அம்மா, அவசரப்பட்டு அடகு வைக்காதீர்கள். முதலில் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். செல்ல முடியாவிட்டால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானச் சான்றிதழ் தேவையில்லை. காவலில் இருப்பதே தகுதி என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

வழக்கறிஞரைச் சந்தித்ததும் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: பையனைச் சிறையில் நேரில் பார்த்தாரா, முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருக்கிறதா, பிணை மனு எந்தத் தேதியில் போடப்படும். இவற்றுக்கு நேரான விடை வந்தால் அவரிடமே வழக்கு இருக்கட்டும். வராவிட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வேறொருவரை நியமிப்பார்கள். யாராவது ‘செலவுக்கு’ என்று பணம் கேட்டால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க இவர்களுக்கு அனுமதி இல்லை.

இதற்கு ஆகும் பணம் எங்கிருந்து வருகிறது? மாநில அரசு தருகிறதா, மத்திய அரசா? நிதி நின்றுபோனால் என்ன ஆகும்? – ஓய்வு பெற்ற கணக்கர், மதுரை

சட்டத்தின் 15, 16, 17 ஆகிய பிரிவுகளின்படி தேசிய, மாநில, மாவட்ட அளவில் மூன்று சட்ட உதவி நிதியங்கள் இருக்கின்றன. மாநில நிதியத்துக்கு மாநில அரசும் பணம் தரலாம். தேசிய ஆணைக்குழுவின் ஒதுக்கீடும் அதில் சேரும். ஆனால், நாம் பேசும் இந்தப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்புக்கு 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்கு மத்திய அரசு 998.43 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. முழு நாட்டுக்கும், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்பதைக் கணக்கர் என்ற முறையில் நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொகையின் அளவைவிட அது வரும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி, நிரந்தரப் பணியாளராகச் சேர்கிறார். அவருக்குப் பின்னால் குற்ற வழக்கு நடத்துகைக்கென்றே ஓர் இயக்குநரகம் இருக்கிறது. காவல்துறையும் தடய அறிவியல் கூடமும் அவருக்குத் துணை நிற்கின்றன. எதிர்வரிசையில் நிற்பவருக்கோ இரண்டாண்டு ஒப்பந்தம், அதன்பின் பணித்திறனைப் பார்த்து நீட்டிப்பு. மாநில அரசு முதலில் இந்தச் சமமின்மையைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஊதியத்தோடு அது முடியாது. பிணக்கூறாய்வுச் சான்றிதழை ஒரு தனி மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும், கைப்பேசிப் பதிவுகளைப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அமர்த்தவும், சம்பவ இடத்துக்குப் போய் வரவும் பணம் வேண்டும். வாதாடுபவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு வழக்குக்குச் செலவு செய்யாமல் இருப்பது, உழவனுக்குக் கூலி கொடுத்துவிட்டு விதைநெல் தர மறுப்பதற்குச் சமம்.

பணம் இல்லை என்று அரசு சொல்லிவிட முடியுமா என்றால், முடியாது. கைதிகளின் கண்களைக் காவலர்களே குருடாக்கிய பாகல்பூர் கொடுமை தொடர்பான காத்ரி வழக்கில், 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிதி நெருக்கடியையோ நிர்வாகச் சிரமத்தையோ காட்டி இந்தக் கடமையிலிருந்து அரசு விலக முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் நடுவர் முன் முதன்முதலாக நிறுத்தப்படும்போதே அது தொடங்கிவிடுகிறது.

குற்றவாளிக்கு ஏன் என் வரிப்பணத்தில் வக்கீல்? – பெயர் வேண்டாம், கோவை

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை அவர் குற்றவாளி இல்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்குச் சோறு போடுவதும் காவல் வைப்பதும் உங்கள் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. மேலும், வழக்கறிஞர் இல்லாமல் பெற்ற தண்டனை மேல்முறையீட்டில் நிற்காது. இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை இருப்பதையே தெரிவிக்காமல் விதித்த தண்டனையை, 1986-இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நான் பதிவு செய்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. உதவி வழக்கறிஞர் பணிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். பயிற்சி எப்படி இருக்கும், அண்ணா? – இளம் வழக்கறிஞர், தஞ்சாவூர்

விண்ணப்பியுங்கள் தம்பி. சீனியர் அலுவலகத்தில் வாய்தா வாங்குவதிலேயே ஐந்தாண்டுகளைக் கழிப்பதைவிட, ஒரே ஆண்டில் அதிகம் கற்றுக்கொள்வீர்கள். ஆனால், பயிற்சியைப் பற்றி உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். தேசிய ஆணைக்குழு பாடத்திட்டம் வகுத்திருக்கிறது; மாநில ஆணைக்குழு பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அவை பயனுள்ளவை, ஆனால் பெரும்பாலும் சட்டப்பிரிவுகளை விளக்கும் சொற்பொழிவுகளாகவே அமைந்துவிடுகின்றன. குறுக்கு விசாரணையைச் சொற்பொழிவில் கற்க முடியாது. நீச்சலைக் கரையில் கற்பது போலத்தான் அது.

பட்டியல் வழக்கறிஞராக நான் நடத்திய முதல் கொலை வழக்கில் ஆவணங்கள் என் கைக்கு வந்தது விசாரணைக்கு முந்தைய நாள் மாலையில். மருத்துவச் சான்றில் காயத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. காயம் ஏற்பட்ட நேரத்தைக் கேள்விக்குள்ளாக்கக்கூடிய வரி என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. ஆனால், இளையவர் ஒருவரின் பக்கத்தில் அன்று மூத்தவர் ஒருவர் அமர்ந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே, சேர்ந்ததும் உங்கள் தலைமை வழக்கறிஞர் நடத்தும் அமர்வு வழக்குகளில் கூடவே அமருங்கள். மருத்துவரின் சாட்சியத்துக்கு முன் மருத்துவ நூலைப் புரட்டுங்கள், சிறைக்கு வாரம் தவறாமல் போங்கள்.

2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டுகள் வனையப்பட்டு (முறைப்படி பதியப்பட்டு), ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மரண தண்டனை வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிய நீதிமன்றம், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்கில் சட்ட உதவியாக வருபவர் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றும், தயாரிப்புக்குப் பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் நெறி வகுத்தது. அவகாசம் கேட்க ஒருபோதும் கூச்சப்படாதீர்கள்.

மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதிதானே? அவர் முன்னாலேயே வாதாடும் வழக்கறிஞர் எப்படிச் சுதந்திரமாக இருக்க முடியும்? – வழக்கறிஞர், சேலம்

இந்த அமைப்பின் மிக நுட்பமான குறை இதுதான். ஒப்பந்தம் நீடிக்க வேண்டும் என்று எண்ணும் ஒருவர், நீதிபதி விரைந்து முடிக்க விரும்பும் வழக்கில் மேலும் ஒரு சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடத் தயங்குவது மனித இயல்பு. நேர்மையான நீதிபதிகள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான் என்றாலும், ஒருவரின் பெருந்தன்மையை நம்பி ஓர் அமைப்பைக் கட்டக் கூடாது. பிரேசிலில் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அரசமைப்பிலேயே தனி இடமும் தன்னாட்சியும் உண்டு. நம் நாட்டில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பணி நீட்டிப்பை மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு குழு முடிவு செய்யலாம்; ஐந்தாண்டுக் காலவரையாவது தரலாம். 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவைப்படும் இடங்களில் இவர்களுடைய பணி நிலைமைகளை மேம்படுத்த நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி இப்போது கேட்கலாம்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு சிறப்பாக இருக்கிறதாமே? – பொறியாளர், சென்னை

இடத்துக்கு இடம் மாறும். 1963-இல் கிதியோன் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், வசதியற்றவருக்கு மாநிலம் வழக்கறிஞர் தர வேண்டும் என்றது. வழக்கறிஞருடன் நடந்த மறுவிசாரணையில் கிதியோன் விடுதலையானார். பணத்தை எப்படித் திரட்டுவது என்பது மாநிலங்களின் தலையில் விழுந்தது. லூசியானா மாநிலம் போக்குவரத்து அபராதங்களையும் நீதிமன்றக் கட்டணங்களையும் பெரிதும் நம்பியது. 2005-இல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரமே காலியானபோது அபராதம் கட்ட ஆளில்லை. பாதுகாப்பு வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தார்கள், கைதிகள் மாதக்கணக்கில் வழக்கறிஞர் இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். நிலையான வரவுசெலவு ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஒரே வழக்கில் இரண்டு பேர், ஒருவர் மீது மற்றவர் பழி சொல்கிறார்கள். இருவருக்கும் இதே அலுவலகம் வாதாடலாமா? – வழக்கறிஞர், திருநெல்வேலி

கூடாது. ஒருவர் சொன்ன இரகசியம் மற்றவருக்கு எதிரான ஆயுதமாகிவிடும். இரண்டாமவருக்குப் பட்டியலிலிருந்து தனி வழக்கறிஞர் வேண்டும். பழைய பட்டியலை அடியோடு கலைத்துவிடக் கூடாது என்று நான் சொல்லி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகார் கொடுத்தவருக்கும் இவர்கள் வாதாடுவார்களா? – இல்லத்தரசி, நாகர்கோவில்

இல்லை அம்மா. இவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கு மட்டும்தான். ஆனால், பெண் என்ற தகுதியிலேயே உங்களுக்குச் சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தால் பட்டியல் வழக்கறிஞர் ஒருவரை ஒதுக்குவார்கள்.

நடுவர் முன் கொண்டுபோய் நிறுத்தும்போது பிடிபட்டவர் என்ன சொல்ல வேண்டும்? – தன்னார்வ சட்டப் பணியாளர், தருமபுரி

‘எனக்கு வழக்கறிஞர் இல்லை, சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் தாருங்கள்’ என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அடித்திருந்தால் காயத்தையும் அப்போதே காட்ட வேண்டும். நடுவர் தாமாகவே கேட்க வேண்டியவர்தான். ஆனால், பத்துப் பேரை வரிசையில் நிறுத்தியிருக்கும் மாலை நேரத்தில் அந்தக் கேள்வி விட்டுப்போகக்கூடும். நீங்கள் கிராமங்களில் நடத்தும் முகாம்களில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள், அதைக் காவலடைப்பு ஆணையில் பதியும்படி கேட்கவும் சொல்லுங்கள்.