நிக்கோட்டின் எங்கிருந்து வந்தது? ஆய்வக வேதியியலாளரிடம் கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி மாணவி): 'புகையிலை இல்லாதது' என்று அச்சிட்ட நிக்கோட்டின் பவுச்சில் (உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைக்கும் சிறு பை) இருப்பது செயற்கை நிக்கோட்டினா என்பதை எப்படிக் கண்டறிவீர்கள்?

பதில்: பவுச்சைக் கத்தரித்தால் வெண்பஞ்சு போன்ற நார்த்தூள்தான் இருக்கும், இலைத்துணுக்கு ஒன்றும் இராது. ஆனால் இலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய நிக்கோட்டினையும் அந்தத் தூளில் ஏற்றலாம் என்பதால், கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல இயலாது. தூளைக் காரமாக்கி, கரைப்பானில் நிக்கோட்டினைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகளைப் பிரிக்கும் கைரல் குழாய் பொருத்திய எச்.பி.எல்.சி.யில் (திரவத்தில் கலந்த பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) செலுத்துவோம். நிக்கோட்டினுக்கு எஸ், ஆர் என அத்தகைய இரு வடிவங்கள் உண்டு; புகையிலைச் செடி ஏறக்குறைய முழுவதும் எஸ் வடிவத்தையே உண்டாக்குகிறது. எளிய செயற்கை முறையில் எஸ், ஆர் இரண்டும் சரிபாதியாக உருவாகும். வரைபடத்தில் இரண்டு முகடுகள் சம அளவில் அருகருகே எழுந்தால் அது ஆலையில் செய்தது.

கேள்வி (பெரம்பூர், மருந்து ஆய்வகப் பணியாளர்): எஸ் மட்டும் தெரிந்தால் புகையிலை என்று எழுதிக் கொடுத்துவிடலாமே?

பதில்: கூடவே கூடாது. எஸ் வடிவத்தை மட்டும் தரும் செயற்கை நிக்கோட்டினும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒற்றைச் சோதனையை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): நார்நிக்கோட்டின், அனடாபின் போன்ற துணை ஆல்கலாய்டுகள் (புகையிலையில் நிக்கோட்டினோடு சிறிதளவு இருக்கும் அதன் உறவுப் பொருள்கள்) இல்லாவிட்டால் செயற்கை என்பது உறுதிதானே?

பதில்: இல்லை. அவை கணிசமாக இருந்தால் புகையிலையைச் சுட்டும்; இல்லாமை எதையும் மெய்ப்பிக்காது, ஏனெனில் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கும்போது அவை பெரும்பாலும் நீங்கிவிடும். அந்த நிலையில் கார்பன்-14 (கதிரியக்கமுள்ள கரிம வகை) அளவே துணை. செடி காற்றிலிருந்து பெற்ற கரிமத்தில் அது இருக்கும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளே ஆதலால், பெட்ரோலிய மூலப்பொருளில் அது எப்போதோ அழிந்துபோயிருக்கும். இதை அளக்கும் முடுக்கி நிறை நிறமாலைமானி டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் உண்டு. முழுத்தூளையும் அனுப்பிவிடாதீர்கள்: நார்த்தூளும் செடியிலிருந்து வந்ததுதான், அதன் கரிமம் கலந்தால் செயற்கை நிக்கோட்டினும் புகையிலையாகத் தோன்றும். நிக்கோட்டினைத் தனியே பிரித்த பிறகே அளக்க வேண்டும். ஆலையில் தாவர மூலப்பொருளும் சேர்ந்திருந்தால் இந்த அளவும் இடைநிலையில் நின்றுவிடும் என்பதால்தான், ஒற்றைச் சோதனை போதாது என்று மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர்): வீட்டில் சோதிக்க வழி உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி (அடையாறு): மூலம் எதுவானால் என்ன, ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

பதில்: அமெரிக்காவில் புகையிலைச் சட்டம் செயற்கை நிக்கோட்டினைத் தொடாமலிருந்தது, 2022இல் எந்த மூலத்து நிக்கோட்டினுக்கும் பொருந்துமாறு திருத்தினார்கள். இந்தியச் சட்டம் குறித்து வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி (தாம்பரம்): செயற்கை என்றால் தீங்கு குறைவா?

பதில்: எஸ் நிக்கோட்டின் எங்கிருந்து வந்தாலும் அதே மூலக்கூறுதான், அடிமைப்படுத்தும் தன்மையும் அதேதான். விட நினைப்பவர் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): தூள் வெள்ளையாக இருந்தால் செயற்கைதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.