பேட்டரியைக் கழற்றிய பிறகும் பறந்த பொறி

கேள்வி: 48 வோல்ட் ஃபோர்க்லிஃப்ட்டின் கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை) அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டுமா? பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகும் ஸ்பேனர் பட்டுப் பொறி பறந்ததே, ஏன்?

பதில்: பிரிக்கவே வேண்டாம். மூடியைத் திறந்தால் தூசியும் ஈரமும் உள்ளே போவதுதான் மிச்சம். பராமரிப்பெல்லாம் வெளிப்புறத்தில்தான்.

பொறிக்குக் காரணம் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகங்கள். பேட்டரி போனாலும் அவை மின்னூட்டத்தை உடனே விடுவதில்லை. தொழில் பழகிய காலத்தில் நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். முனையில் கறுத்த பள்ளம் விழுந்த அந்த 13 எம்.எம். ஸ்பேனர் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கன்ட்ரோலரில் பேட்டரி கேபிள்கள் சேரும் பி பிளஸ், பி மைனஸ் முனைகளுக்கு இடையே 100 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை, காப்பிட்ட கம்பிகளால் சில விநாடிகள் இணையுங்கள். மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கைவையுங்கள்.

பிறகு கன்ட்ரோலரின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் அன்பர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கேபிள் போல்ட்டுகள் தளர்ந்தால் அந்த இடம் சூடேறி நிறம் மாறும். கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் வெள்ளி முனைகள் கறுத்திருந்தால் பதறி அரத்தை எடுக்காதீர்கள், அது இயல்பான கறுப்புதான்.