மனச்சோர்விலிருந்து மீண்ட கதையைச் சொல்வதால் யாருக்காவது பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. சொல்பவருக்கும் உண்டு, கேட்பவருக்கும் உண்டு. ஆனால் எந்தப் பகுதியை, யாரிடம் சொல்கிறோம் என்பது முக்கியம்.

நான் சென்னை தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனவர். அவர் இறந்த பிறகுதான் எனக்கு மனச்சோர்வு வந்தது. முதலில் தூக்கம் போனது, அப்புறம் பசி. தலை வாரக்கூடக் கை எழவில்லை. வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழியில் என் மேல் காட்டிய பாசம் அது. பக்கத்து வீட்டு அக்காதான், "இன்னாம்மா, ஆளே ஒரு மாதிரியா கீற? கெளம்பு, ஸ்டான்லிக்குப் போலாம்" என்று அந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் உட்கார்ந்தால், மீன் விற்கும் அம்மா, கல்லூரிப் பையன், ஆட்டோக்காரர் எல்லாரும் வரிசையில் இருந்தார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

அந்தச் சில வாரங்களில்தான் எழுத ஆரம்பித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 'எனக்கு மட்டும் ஏன்' என்று பக்கம் பக்கமாக எழுதியதில் ஒரு சுகமும் கிடைக்கவில்லை, மனம் அதே இடத்தில் சுற்றியது. அப்பா கடைசி ராத்திரி என்ன கேட்டார், நான் எங்கே நின்றேன், எதற்குப் பயந்தேன் என்று வரிசையாக எழுதிய அன்றுதான் அழுகை வந்தது. அன்றைக்குத் தூங்கினேன்.

பிறகு அந்த அக்காவிடம் மொட்டை மாடியில் வாய்விட்டுச் சொன்னேன். குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, "சொல்லு" என்று மட்டும் சொன்னார். முதன்முதலில் சொல்ல இப்படி ஒருவரைத் தேடுங்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

கடையில் கூட வேலை செய்யும் பெண்ணின் தம்பி அறையை விட்டே வெளியே வராமல் இருந்தபோது, என் கதை அவனுக்குப் போனது. நான் சொன்னதெல்லாம் சின்ன விஷயங்கள்: சீட்டு எங்கே வாங்குவது, டாக்டர் என்ன கேட்பார், ஆரம்பத்தில் வாய் வறண்டது, யாரும் நம்மைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதைக் கேட்டுத்தான்.

சாக வேண்டும் என்று தோன்றியதையும் மறைக்கவில்லை. ஆனால் எப்படி யோசித்தேன் என்று யாரிடமும் விவரிக்க மாட்டேன். அந்த ராத்திரி யாரை எழுப்பினேன் என்பதைச் சொல்வேன். இதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் செய்தித்தாள்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், தற்கொலை எண்ணத்தைச் சமாளித்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் குறைந்திருந்தன. தற்கொலையைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதிய செய்திகளுக்குப் பின் கூடியிருந்தன.

இதைக் கேட்ட நீங்களே இப்போது அந்த நிலையில் இருந்தால், யாரையும் ஊக்கப்படுத்தும் பொறுப்பை இப்போது தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். சாகும் எண்ணம் வந்தால் எழுதவும் உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.