சந்தைப்படுத்தல் கற்க எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பவானியில் ஜமக்காளம் நெய்து விற்று வருகிறது. கடை வியாபாரம் குறைந்துவிட்டதால் இணையம் வழியாக விற்க முயல்கிறேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு ஒன்றுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா, அல்லது நானே படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா? – வாசகி, பவானி

பதில்: அந்த 40,000 ரூபாயை இப்போதைக்கு நூல் வாங்கவே வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய வகுப்புகள் பலவற்றில் கற்பிக்கப்படுவது எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதுதான். அது அடிக்கடி மாறக்கூடியது, அதைக் கூகுளும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் தம் பயிற்சித் தளங்களில் இலவசமாகவே சொல்லித் தருகின்றன. வாங்குபவர் ஏன் வாங்குகிறார் என்பதை முதலில் படியுங்கள்.

அதற்கு நான் முதலில் கொடுப்பது அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்ற சிறு நூல். எளிய ஆங்கிலம், சிறு வாக்கியங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் 1927இல் எழுதிய தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஷ்லிட்ஸ் என்னும் பீர் ஆலைக்கு விளம்பரம் எழுதப் போனவர், அங்கே தண்ணீர் எடுக்கும் ஆழ்கிணற்றையும் புட்டிகளைத் திரும்பத் திரும்பக் கழுவும் முறையையும் கண்டு வியந்து, இதை ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளும் இப்படித்தானே செய்கின்றன என்று பதில் வந்தது. மற்றவர்கள் சொல்லாததை முதலில் சொன்னதால் அந்த ஆலையின் விற்பனை உயர்ந்தது. உங்கள் ஊரில் குழித்தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து அகலமான ஜமக்காளம் நெய்வது உங்களுக்கு அன்றாடக் காட்சி. சென்னையிலோ பெங்களூரிலோ வாங்குபவர் அதைக் கண்டிருக்கவே மாட்டார். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதைக்கூடப் பலர் தம் விளம்பரத்தில் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் கற்றுத் தருகிறது. அந்தக் காலத்தில் விளம்பரத்துக்கு விளம்பரம் வேறு குறியிட்ட கூப்பன்களை அச்சிட்டு, எது ஆட்களை அழைத்து வந்தது என்று எண்ணினார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் 50 பேருக்குத் தறியின் படத்தையும், வேறு 50 பேருக்குக் கல்யாண வீட்டில் விரித்த ஜமக்காளத்தின் படத்தையும் அனுப்பி, எதற்கு விலை கேட்டு அதிகம் பதில் வருகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு பதில்களின் வேறுபாட்டை நம்பிவிடாமல் நான்கைந்து முறையாவது திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து, சந்தைப்படுத்தல் ஆய்வாளர் பைரன் ஷார்ப் 2010இல் வெளியிட்ட ‘ஹவ் பிராண்ட்ஸ் க்ரோ’. பழைய வாடிக்கையாளரையே திரும்பத் திரும்பக் கவனிப்பதைவிடப் புதியவர்களையும் எப்போதாவது வாங்குபவர்களையும் எட்டுவதால்தான் ஒரு வணிகப் பெயர் பெரும்பாலும் வளர்கிறது என்பது அவர் வாதம். இது ஜமக்காளத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது: ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும் பொருளை வாங்கியவரிடமே மறுபடி தள்ளுபடி அறிவிப்பதில் பயன் குறைவு. சீர் வாங்கப் புறப்படும் குடும்பங்களுக்கும் புதுமனை புகுபவர்களுக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பு வேண்டும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் சந்தைப்படுத்தல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் மற்ற ஜவுளிக்காரர்கள் இன்று என்ன விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்பதை யாரும் பார்க்கலாம். வாரம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

இவற்றோடு ஒரு நோட்டும் தேவை. ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போகும்போது, மடிப்பைப் பிரித்து ஓரத்தை விரலால் தேய்த்து, “ஏனுங்க, துவைச்சா சாயம் போகுமுங்களா?” என்று கேட்பவரின் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள். எந்தக் கேள்வி அதிகம் வருகிறதோ, அதற்கான பதிலை விளம்பரத்தின் முதல் வரியாக வைத்துச் சோதியுங்கள். சந்தைப்படுத்தல் பேராசிரியர் பிலிப் கோட்லரின் பருமனான பாடநூலை இப்போது வாங்க வேண்டியதில்லை. சந்தேகம் வரும்போது நூலகத்தில் புரட்டினால் போதும்.