டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வலைத்தளம் அமைத்துத் தந்தார். டொமைனுக்கும், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயருக்கும், சேர்த்தே பணம் வாங்கிக்கொண்டார். இப்போது வேறொருவரிடம் வேலையைக் கொடுக்கப் போனால், "டொமைன் என் பெயரில் இருக்கிறது, இருபதாயிரம் தந்தால் மாற்றித் தருகிறேன்" என்கிறார். பணம் கட்டியவள் நான், பெயர் அவருடையதா?

பதில்: பதிவேட்டின்படி இன்றைக்கு அவருடையதுதான். டொமைனை யாரும் மனை வாங்குவதுபோல் கிரயம் செய்வதில்லை. ஆண்டுக் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறோம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகள். பதிவுதாரர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் பதிவு நிறுவனம் கேட்கும். பணம் யார் பையிலிருந்து போனது என்பது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை.

அதற்காக நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முதலில், உலக அளவில் டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டிப் பாருங்கள். ஆள் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்ற இரண்டும் தெரியும். தேதி முக்கியம். அவர் கோபத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், நாளை பெயர் மூன்றாம் ஆளிடம் போய்விடும்.

அடுத்து, அவர் தந்த பில், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இருபதாயிரம் கேட்ட செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், உங்கள் பக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிறகு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: பதிவை என் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது டொமைனை வேறிடம் மாற்ற முடியாதபடி போட்டிருக்கும் பூட்டை நீக்கி மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைக் கொடுங்கள்.

மசியவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆக முடியாது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

டாட் காம் பெயர்களுக்கு உலக அளவில் தனி நடுவர் வழி ஒன்று உண்டு. ஆனால் அதை நடத்தும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் (WIPO) ஒரு நடுவருக்கே 1,500 டாலர் கட்டணம், ஊறுகாய் வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு மூன்றாயிரத்தில் பேசி முடியுமானால் முடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கணக்குக்குப் பெயர் வந்து சேர்ந்த பிறகே பணம்.

கேள்வி: புதுப்பிக்க மறந்துவிட்டால் டொமைன் உடனே போய்விடுமா?

பதில்: டாட் காம் என்றால் உடனே போகாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம். பிறகு நீக்கினாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கும் கட்டணம் கண்ணைக் கட்டும். அதற்குப் பின் 5 நாளில் பெயர் யாருக்கும் கிடைக்கும்படி விடுபட்டுவிடும், அவ்வளவுதான். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மடல் நீங்கள் மறந்துபோன பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போகிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: இரண்டு பெரிய நிறுவனங்கள் இணையப்போவதாகச் செய்தி. இருவர் பெயரையும் சேர்த்து டொமைன் வாங்கி வைத்தால் நல்ல விலைக்கு விற்கலாமா?

பதில்: வாங்கலாம், விற்கத்தான் முடியாது. பெயர் வணிகச் சின்னத்தை ஒத்திருப்பது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லாதது, கெட்ட நோக்கத்தில் பதிந்து பயன்படுத்துவது: இந்த மூன்றும் நிரூபணமானால் டாட் காம் பெயரை நடுவர் பறித்து நிறுவனத்திடம் கொடுப்பார். நீங்கள் விலை பேசி அனுப்பும் மின்னஞ்சலே மூன்றாவதற்குச் சான்று. இந்தியாவின் டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி (NIXI) அமைப்பின் விதி இன்னும் கடுமை, பதிந்ததிலோ பயன்படுத்துவதிலோ ஏதாவது ஒன்றில் கெட்ட நோக்கம் இருந்தாலே போதும். நீதிமன்றம் போனாலும் தப்பிக்க முடியாது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், அந்த நிறுவனத்தின் சிஃபி என்ற பெயரை ஒத்த 'சிஃப்பிநெட்' டொமைன்களுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. டொமைனுக்கும் வணிகச் சின்னம்போல் பாதுகாப்பு உண்டு என்று அப்போதே சொல்லிவிட்டது.

சொந்தப் பெயர் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் உஸி நிஸ்ஸான் (Uzi Nissan) என்பவர் 1994-இல் தன் குடும்பப் பெயரில் நிஸ்ஸான்.காம் பதிந்து கம்ப்யூட்டர் கடை நடத்தினார். 1999-இல் கார் நிறுவனம் 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்த பின்னும் பெயர் அவரிடமே நின்றது, கார் சம்பந்தமாக அதில் எதுவும் போடக் கூடாது என்பதோடு.